தந்தை இருக்கும் இடம்: சயாம்

நலத்துறை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செல்வி என்ற பெண் போன வாரம் என்னைப் பார்க்க வந்தாள். கையில் மை காயாத படிவம் ஒன்று. வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பார்க்கிறவர்கள் இனிமேல் இதைத்தான் நிரப்ப வேண்டுமாம். நான்கு பக்கம். "ஆண்ட்டி, நீங்க முப்பது வருஷத்துக்கு மேல இந்த வேல பாத்தவங்க. தாய் தகப்பன்மாரோட நம்பிக்கைய எப்படி வாங்கினீங்கன்னு எழுதிக் கொடுங்க லா. எங்க டிரைனிங்ல படிக்கணும்" என்றாள்.

"நான் எங்கே வாங்கினேன்?" என்றேன்.

நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்துச் சிரித்தாள். தமாஷ் இல்லை என்று அவளுக்குத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. கடைக்காரர் மீன் நல்ல மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். அப்படிப்பட்டவளை மற்றவர்கள் மட்டும் எதற்கு நம்ப வேண்டும்?

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தாதிப் பயிற்சியில் இரண்டு வருடம் இருந்தேன். பினாங்கு ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தது, வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறினார்கள், சான்றிதழ் கொடுக்க ஆள் இல்லை. ஜப்பான்காரர்கள் வந்து சில மாதங்களுக்குப் பிறகு குழந்தைகள் மருந்தகம் ஒன்றைத் திரும்பத் திறந்தார்கள். அரைகுறைப் படிப்போடு என்னையும் எடுத்துக்கொண்டார்கள். அப்போது எனக்கு இருபது வயது இருக்கும்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிராணி, அதாவது குமாஸ்தாக்களுக்குத் தலைவர். எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு இருந்த மரியாதை சாமிப் படத்துக்குக்கூட இல்லை. "வெறுங்கட்டம் விட்டுக் குடுக்கிறது வேலை தெரியாதவன்ர வேலை, பிள்ளை" என்பார் அப்பா. நான் அந்த வார்த்தையைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவள்.

மருந்தகத்தில் எனக்கு மேலே இருந்தவர் ஆக்னஸ் சிஸ்டர். பினாங்கிலேயே பிறந்த கத்தோலிக்கத் தமிழர். ஐம்பதைத் தாண்டிய வயது, குட்டையான உருவம், வெற்றிலைக் கறை படிந்த பற்கள், வெயில் இல்லாவிட்டாலும் கையில் குடை. அவரிடம் கற்றுக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். உண்மையில் முதல் ஆறு மாதம் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் இருவருக்கும் ஜப்பானிய எழுத்துப் போட்ட கைப்பட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைக் கட்டியிருந்தால் நாங்கள் குனிந்து வணக்கம் போட்டதோடு காவல்காரன் விட்டுவிடுவான். எனக்கு அதைக் கட்டிக்கொண்டு நடப்பதில் கொஞ்சம் பெருமைகூட. ஆக்னஸ் சிஸ்டரோ சந்து முனைக்கு வந்ததும் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். வீட்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டு, கூப்பிடும் வரைக்கும் நிற்பார். கூப்பிட்டதும் கேட்கிற முதல் கேள்வி குழந்தையைப் பற்றி இருக்காது. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடும்மா." அந்தத் தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தாலும் முழுவதும் குடிப்பார்.

பிறகுதான் எடை போடுவது. அது பெரிய பாடு. கொக்கித் தராசில் தூளி மாதிரி ஒரு துணியைக் கட்டி அதில் குழந்தையைக் கிடத்த வேண்டும். நம் பெண்களுக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. "கறிக்கடையிலதான் மிஸ்ஸி இப்படித் தொங்க விடுவாங்க" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். தாதியை அங்கே எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தையின் சரியான எடை வெளியே தெரிந்தால் கண் பட்டுவிடும், பிள்ளை இளைத்துவிடும் என்பது அவர்கள் பயம். அதற்கு ஆக்னஸ் சிஸ்டர் ஒரு வழி வைத்திருந்தார். பையிலிருந்து ஓர் அடுப்புக்கரித் துண்டை எடுத்துத் தாயின் கையில் கொடுப்பார். அவளே அதைத் துணிக்குள் போடுவாள். கரியும் பிள்ளையும் சேர்ந்த எடைதான் முள்ளில் தெரியும். கண் பட வேண்டுமானால் அந்தப் பொய் எடையின் மேல் படட்டும். கரித்துண்டின் கனம் சிஸ்டருக்குத் தெரியும். எழுதும்போது கழித்துவிடுவார்.

கடைசியாகத்தான் அட்டை. இரண்டு பிரதி எழுத வேண்டும். ஒன்று மருந்தகத்தில் இருக்கும். இன்னொன்று வெள்ளிக்கிழமைதோறும் மேல் அலுவலகத்துக்குப் போகும். ஆங்கிலம் கூடாது என்பதால் மலாயில் எழுதுவோம். குழந்தை பெயர், வயது, எடை, தாய் பெயர், தந்தை பெயர், தந்தை இருக்கும் இடம், வீட்டில் கவனித்தவை. சிஸ்டர் எழுதியதை எழுத்துக்கூட்டி அந்தத் தாய்க்கு வாசித்துக் காட்டுவார். கடைசி இரண்டு கட்டங்களில் பெரும்பாலும் ஒன்றும் எழுத மாட்டார். மருந்தைத் திருடி விற்கிறாரோ, அதனால்தான் விவரம் இல்லாமல் எழுதுகிறாரோ என்றுகூட நான் நினைத்ததுண்டு. கேட்டேவிட்டேன்.

"குழந்தைக்கு வேண்டியத எழுது. உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் எழுதாத" என்றார்.

சோம்பேறிக்கு ஒரு சாக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இனி அஞ்சலையின் கதை. இப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று பலகை மாட்டியிருக்கிறார்களே, அந்தத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. பூட்டிக் கிடந்த மசாலாக் கடையின் பின்கட்டில் ஒரே அறை, மேலே பலகைப் பரண். அதில் அஞ்சலை ஐந்து மாதப் பெண் குழந்தையோடு இருந்தாள். பத்து காவான் என்னும் ஊரின் தோட்டத்தில் வேலை செய்த குடும்பம். சயாமில், அதாவது தாய்லாந்தில், ரயில்பாதை போடுவதற்கு ஜப்பான்காரர்கள் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. போனவர்கள் யாரும் திரும்பவில்லை.

நான் தனியாகத்தான் போயிருந்தேன், கைப்பட்டையோடு. குழந்தையை வாங்கிப் பார்த்தேன். முகம் ஊதியிருந்தது. அழுகிறது, வாய் முழுவதும் திறக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, ஆனால் சத்தம் வரவில்லை. மரவள்ளிக்கிழங்கை மட்டுமே தின்று பால் கொடுக்கிற தாய்மாரின் பிள்ளைகளுக்கு வரும் நோய் அது. சத்துக் குறைவால் இருதயம் வீங்கி, குரல் போய், ஒரு நாள் திடீரென்று பிள்ளை போய்விடும். நாங்கள் அரிசித் தவிட்டைக் காய்ச்சி ஒரு சாறு வைத்திருந்தோம். தாய்க்கும் பிள்ளைக்கும் வாரா வாரம் கொடுத்துவந்தால் பிழைக்கும்.

"எவ்வளவு நாளா இப்படிச் சத்தம் இல்லாமல் அழுகுது?" என்று கேட்டேன்.

"அது நல்ல புள்ள மிஸ்ஸி. சத்தமே போடாது" என்றாள் அஞ்சலை.

எந்தத் தாய் இப்படிச் சொல்வாள்? என் சந்தேக மூக்கு விடைத்துக்கொண்டது. "உன்ர புருசன் எங்கே?" என்றேன். கிராணி வீட்டுப் பிள்ளைகள் தோட்டத்து ஆட்களை 'நீ' என்றுதான் பேசுவோம். இப்போது வெட்கமாக இருக்கிறது.

"சயாம்."

சுற்றிப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்திருந்த மங்குத் தட்டு இரண்டு, இரண்டிலும் ஈரம். ஒருத்திக்கு எதற்கு இரண்டு தட்டு? பரணுக்குச் சாய்த்திருந்த ஏணி. அறையில் எல்லாவற்றின் மேலும் தூசி, ஏணிப் படிகளில் மட்டும் தூசி இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். கள்ளனைப் பிடித்த போலீஸ்காரன் மாதிரி உணர்ந்தேன் என்றால் மிகை இல்லை. சாற்றுப் புட்டியைக் கொடுத்துவிட்டு, புதன்கிழமை மருந்தகத்துக்கு வரச் சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கே இரண்டு அட்டையிலும் என் அழகான கையெழுத்தில் எழுதினேன். தந்தை இருக்கும் இடம்: சயாம் என்கிறார். வீட்டில் கவனித்தவை: இரண்டு பேர் சாப்பிட்ட தட்டு, பரண் ஏணி அடிக்கடி புழங்குகிறது, ஆள் இருப்பதாகத் தெரிகிறது. ஒரு கட்டமும் வெறுமையாக விடவில்லை. வெள்ளிக்கிழமை பிரதி மேலே போனது.

சனிக்கிழமை காலையில் ஆக்னஸ் சிஸ்டர் அந்த வாரத்து அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பார். என் அட்டைக்கு வந்ததும் வெற்றிலை மெல்வது நின்றது. என்னைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"இந்த வரி புள்ளைக்கு எத்தன அவுன்ஸ் கூட்டும்?"

எனக்குப் புரியவில்லை.

"ஆள் பிடிக்கிற பிரிவுக்காரன் போன மாசத்துலேர்ந்து நம்ம அட்டைங்கள வாங்கிப் படிக்கிறான். வயசுப் பசங்க எந்த வீட்டுல இருக்கான்னு பாக்க."

"நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே சிஸ்டர்!"

"உன்ன எனக்கு எத்தன நாளாத் தெரியும்? நீ யாரோட ஆளுன்னு நான் எப்படி நம்புறது?"

ஆறு மாதமாக நான் அவரைச் சந்தேகப்பட்டது போலவே அவரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். அதில் எனக்குக் கோபப்பட ஒன்றும் இல்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நானோ என் கையெழுத்தால் இன்னொருத்தியைக் கெடுத்துவிட்டிருந்தேன்.

"மேல போனதத் திரும்பக் கொண்டாற முடியாது. எழுதின கைதான் போய்ச் சொல்லணும். போ" என்றார். அறையை விட்டு இறங்கும்போது பின்னாலிருந்து, "பட்டையக் கழட்டிட்டுப் போ" என்றார்.

வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அஞ்சலை கதவைப் பாதி திறந்து என்னைப் பார்த்தாள். பட்டை இல்லாத கையைப் பார்த்தாள்.

"அக்கா, உங்கட வீட்டுக்காரரை உடனே வேறே எங்கேயாவது அனுப்புங்கோ. நான் அட்டையில் எழுதிப்போட்டன். அது ஆள் பிடிக்கிறவங்கட கைக்குப் போயிட்டுது. வரப் போறாங்கள்" என்றேன் ஒரே மூச்சில்.

அவள் கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். "அன்னைக்கு நீ வா போன்னு பேசினீங்க. இன்னைக்கு என்னா, அக்காங்கிறீங்க, உங்கடங்கிறீங்க?"

"பிழை விட்டிட்டன் அக்கா."

"ஆளே இல்லாத வீட்டுலேர்ந்து யார மிஸ்ஸி அனுப்பறது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள இருக்கிறவன் பயந்து வெளிய ஓடியாருவான், சந்து முனையில லாரி நிக்கும். அதானே? பத்து காவான்ல கிராணி இப்படித்தான் வந்தாரு. 'ஓடிப்போங்கடா, வராங்கடா'ன்னாரு. ஓடினவன் பூரா அவனுங்க கையிலதான் போய் விழுந்தான்" என்றாள்.

சூடு கண்ட பூனை. அவளிடம் என்ன சத்தியம் செய்வது? சத்தியம் அந்தக் கிராணியும் செய்திருப்பார். நானும் கிராணி வீட்டுப் பிள்ளை, அதே பேச்சு, அதே கையெழுத்து. நான் போய்விட்டால் அவள் புருஷனை அனுப்ப மாட்டாள். புதன்கிழமை மருந்தகத்துக்கும் வர மாட்டாள். பரணில் இருப்பவன் சயாமுக்குப் போவான், தூளியில் இருப்பது மண்ணுக்குப் போகும். இரண்டும் என்னால்.

அவள் இடுப்பில் குழந்தை வாயைத் திறந்து சத்தமில்லாமல் அழுதது. அப்போது நான் சொன்னது யோசித்துச் சொன்னதல்ல.

"எங்கட வீட்டில் ரேடியோ இருக்கு" என்றேன்.

படிக்கிற பிள்ளைகளுக்கு இதன் கனம் தெரியாது. வெளிநாட்டுச் செய்தி கேட்கிற ரேடியோவை எல்லோரும் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது ஜப்பான்காரன் உத்தரவு. வைத்திருப்பதைக் கண்டுபிடித்தால் தலை போகும். வீட்டோடு போகும். என் அப்பா, வாழ்க்கையில் ஓர் உத்தரவைக்கூட மீறாத மனிதர், அதை மட்டும் கொடுக்கவில்லை. சமையலறை அரிசிப் பெட்டியில் கிழங்கு மாவு மூட்டைக்கு அடியில் இருந்தது.

"அப்பா கேக்கிறவர். டத்தோ கெராமாட் பக்கம் எங்கட வீடு. உங்கட ஆளை அவங்கள் பிடிச்சால், நீங்கள் போய் எங்களைக் காட்டிக் குடுங்கோ."

அஞ்சலை தலையை நீட்டிச் சந்து முனையை எட்டிப் பார்த்தாள். "காட்டுங்க" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போன நேரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு கிண்ணம், மாவு இரவல் கேட்க வந்தவள் போல. நான் மூட்டையைத் தூக்கினேன். அவள் குனிந்து, ஒரு விரலால் அந்த ரேடியோவின் குமிழைத் தொட்டுப் பார்த்தாள். வெறும் பெட்டியா, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று தட்டியும் பார்த்தாள். அவளும் என் ஜாதிதான், செவுளைத் தூக்கிப் பார்க்கிற ஜாதி.

"மூடுங்க" என்றாள். போகும்போது தெருவையும் வீட்டு வேலியையும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். அடையாளம் வைத்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அன்று மாலையே மீன்காரர்களின் சம்பான் படகில் அவள் புருஷன் அக்கரைக்கு, பாகான் டாலாமுக்குப் போய்விட்டான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது ஒன்றும் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலையில் சந்துக்குள் ஆட்கள் புகுந்து அந்த அறையைப் புரட்டிப் போட்டார்கள், பரண் பலகையைக்கூடப் பெயர்த்தார்கள், அஞ்சலையைத் தெருவில் நிறுத்தி அறைந்தார்கள் என்று மருந்தகத்துக்கு வந்த ஒரு பெண் சொன்னாள். அவன் அகப்பட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அஞ்சலை என்ன சொன்னாள் என்பதும் தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது எவ்வளவு சரி! லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். வீட்டுக்குப் போனால் அப்பா சாய்மனைக் கதிரையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். "என்ன பிள்ளை, முகம் வாடிக் கிடக்கு?" என்றார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கே ரேடியோவை உடைத்துக் கிணற்றில் போட்டிருப்பார். யார் வந்தாலும் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. போட்டுவிட்டால் அஞ்சலைக்கு நான் கொடுத்தது வெறும் பொய் ஆகிவிடும் என்று நினைத்தேன். இருபது வயதில் எனக்கு அது நியாயமாகப் பட்டது. பெற்ற தகப்பன் தலையை, அவருக்குத் தெரியாமல், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் ஈடு வைத்தேன். அது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்பா போய்ச் சேரும் வரைக்கும் அவருக்குச் சொல்லவும் இல்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று புரிந்தது. நம் வீட்டுக்குள் வந்து, நம் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போன ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள், அவள் எப்போது யாரிடம் வாயைத் திறப்பாளோ என்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது. அட்டையோடு நான் போன எல்லா வீடுகளிலும் அந்தத் தாய்மார் அப்படித்தான் காத்திருந்திருப்பார்கள்.

புதன்கிழமை மருந்தகத்தில் வரிசை பெரிதாக இருந்தது. கொக்கித் தராசை மாட்டிக்கொண்டு நின்றேன். வாசலைப் பார்ப்பதும் துணியை முடிச்சுப் போடுவதுமாக இருந்தேன். பதினொரு மணி வாக்கில் அஞ்சலை வந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. ஆக்னஸ் சிஸ்டர் நீட்டிய கரித்துண்டை வாங்கித் துணிக்குள் போட்டாள், குழந்தையைக் கிடத்தினாள். தூளி ஆடியதும் குழந்தை அழுதது.

சத்தம் வந்தது. கரகரத்த, தேய்ந்த ஒரு சத்தம். எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளின் அழுகையைக் கேட்டிருக்கிறேன், அதைப் போல ஒரு சங்கீதம் என் காதில் விழுந்ததில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சிஸ்டர் முள்ளைப் பார்த்து எடையைச் சொல்ல, நான் கரியைக் கழித்து எழுதினேன். அடுத்த கட்டத்துக்கு வந்தேன்.

"தகப்பன் இருக்கும் இடம்?"

"சயாம்" என்றாள், என் கண்ணைப் பார்த்து.

'சயாம்' என்று எழுதினேன். 'என்கிறார்' போடவில்லை. 'வீட்டில் கவனித்தவை' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன், அப்பா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினாள்.

ஜப்பான்காரன் போகும் வரைக்கும் அவள் ஒரு புதன்கிழமை தவறாமல் வந்தாள். ஒரு நாளும் சிரித்ததில்லை, வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டதில்லை.

வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்து ஒரு வருடம் கழித்து அடுத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதே மருந்தகத்துக்கு வந்தாள். அப்போது ரேடியோ எங்கள் கூடத்தில் மேசை மேல் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. யாரும் யாரையும் காட்டிக் கொடுக்க ஒன்றும் இல்லை. நெடுநாள் மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அன்றைக்குத் தெருவில் வைத்து அப்பிடி அடிச்சாங்களே அக்கா. எங்கட வீட்டைச் சொல்லியிருந்தால் உங்களை விட்டிருப்பாங்களே. ஏன் சொல்லேல்ல? என்னை நம்பினீங்களா?"

"உங்களையா?" என்றாள், நான் கேட்கக் கூடாததைக் கேட்டது போல. "நம்பல்லாம் இல்ல மிஸ்ஸி. அதச் சொல்லிட்டா அப்பறம் உங்களப் புடிச்சி வைக்க எங்கிட்ட என்னா இருக்கு? புள்ளைக்கு மருந்து வேணுமுல்ல."

கரித்துண்டைக் கேட்டு வாங்கி அவளே துணிக்குள் போட்டாள். குழந்தை நல்ல கனம். புதிய அட்டையை எடுத்தேன். ஆங்கிலம் திரும்ப வந்திருந்தது, கட்டங்கள் மட்டும் மாறவில்லை. மருந்தக வாசலில் ஒல்லியான ஓர் ஆள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் தோள் மேல் மூத்த பெண் உட்கார்ந்துகொண்டு, இறக்கிவிடச் சொல்லி ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள்.

"தகப்பன் இருக்கும் இடம்?" என்று கேட்டேன்.

அஞ்சலை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். என் பேனாவைப் பார்த்தாள்.

"சயாம்" என்றாள்.

நான் 'சயாம்' என்று எழுதி, அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.